லண்டன் விருந்தில் பிறந்த அந்தமான்காரன்

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நெடுநெடுவென்று மரங்கள், நடுவில் கடல், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம், அதன் பின்னால் ஒரு மலை. அந்தமான் அது. அந்த மலையை மவுன்ட் ஹாரியட் என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2021-இல் மவுன்ட் மணிப்பூர் ஆயிற்று. மலையின் அடிவாரத்தில் கடலோரமாக ஹோப் டவுன் என்று ஒரு சின்ன ஊர். 1872 பிப்ரவரி 8 மாலை, மலையேறிச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இருட்டில் இறங்கி வந்த வைசிராய் மேயோ பிரபுவை ஷேர் அலி என்ற கைதி குத்திக் கொன்றது இந்த ஊர்ப் படகுத்துறையில்தான்.

அதே ஊரில் இன்னொரு கைதிக்கும் ஒரு குடிசை இருந்தது. அவன் பெயர் ஜோனதன் ஸ்மால், ஒற்றைக் கால்காரன். காட்டோரத்தில் நோயில் கிடந்த ஓர் அந்தமான் பழங்குடி இளைஞனை அவன் வைத்தியம் பார்த்துப் பிழைக்க வைத்தான். அந்த இளைஞன் பெயர் டோங்கா. பிறகு அவனுடைய ஓடத்திலேயே இருவரும் தப்பி, நாடு நாடாகச் சுற்றி, கடைசியில் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்மாலும் டோங்காவும் ரத்தமும் சதையுமாக இருந்தவர்கள் அல்லர். ஹோப் டவுனைக் கண்ணாலேயே பார்த்திராத ஒருவர், இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து சில வாரங்களில் எழுதியது அவர்கள் கதை. இருந்தாலும் அந்தமான் என்ற பெயரை உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்ததில் ஷேர் அலியின் கத்தியைவிட இந்த இருவருக்கே பங்கு அதிகம். கொண்டுசேர்த்தது எப்படிப்பட்ட அந்தமானை என்பதுதான் என் மனத்தை அறுக்கும் விஷயம்.

சென்ற முறை அந்தமான் போனபோது சாத்தம் ஜெட்டியில் ஃபெரி ஏறி, பேம்பூ ஃப்ளாட்டில் இறங்கி, ஹோப் டவுன் போனேன். வழியில் டீ குடித்த கடையில் இருந்த அக்கா தமிழ்க்காரர். "அக்கா, ஒரு லண்டன் கதையில இந்த ஊர் வருது, தெரியுமா?" என்று கேட்டேன். "ஷேர் அலி கதை தெரியும் தம்பி. லண்டன் கதையெல்லாம் யாரும் இங்க சொல்லிக் கேட்டதில்லையே" என்றார். அவர் சொன்னது எனக்கு நிறைவாக இருந்தது. தன் ஊரில் நடந்தது எதுவோ அது அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

லண்டன் கதை பிறந்தது 1889 ஆகஸ்ட் 30 அன்று, லாங்ஹாம் ஓட்டலில். பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த லிப்பின்காட்ஸ் மாத இதழின் ஆசிரியர் ஜோசப் ஸ்டாடார்ட், இங்கிலாந்தில் புதிய எழுத்தாளர்களைத் தேடி வந்திருந்தார். ஒரே இதழில் முழு நாவலையும் வெளியிடுவது அந்தப் பத்திரிகையின் வழக்கம். விருந்துக்கு அவர் அழைத்தவர்களில் ஒருவர் பாராளுமன்ற உறுப்பினரான கில். மற்றொருவர் ஆஸ்கார் வைல்ட், லண்டனே அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். மூன்றாமவர் முப்பது வயது மருத்துவர், போர்ட்ஸ்மவுத்தை அடுத்த சவுத்ஸீயில் தொழில் செய்துவந்த ஆர்தர் கோனன் டாயில். நோயாளிகள் அதிகம் வராத நேரத்தில் எழுதிப் பழகியவர். இரண்டு வருடத்துக்கு முன் அவர் எழுதிய முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலை ஒரு கிறிஸ்துமஸ் மலர் 25 பவுனுக்கு மொத்த உரிமையோடு வாங்கிப் போட்டிருந்தது. ஊர் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதோடு ஹோம்ஸ் முடிந்திருக்கலாம்.

ஸ்டாடார்ட் இருவரிடமும் ஆளுக்கொரு நாவல் கேட்டார். வைல்ட் கொடுத்தது டோரியன் கிரேயின் உருவப்படம். ஆள் இளமை மாறாமல் இருக்க, அவன் படம் மட்டும் மூப்படைந்து அழுகும் மாயக்கதை. டாயில் கொடுத்தது நால்வர் குறி. அவருக்குப் பேசிய தொகை 100 பவுன். செப்டம்பர் முடிவதற்குள் எழுதி முடித்துவிட்டார். 1890 பிப்ரவரி இதழில் அச்சேறியது. ஒரே சாப்பாட்டு மேசையில் விதைத்த இரண்டும் இன்றுவரை அச்சில் இருக்கின்றன.

ஒரு மாதத்தில் நாவல் எழுத வேண்டுமென்றால் கைக்கு எட்டுகிற பொருளைத்தான் எடுக்க முடியும். எடுத்த பொருள்கள் எவை என்று கதையே காட்டிக்கொடுக்கிறது. நாயகி மேரியின் தந்தை கேப்டன் மார்ஸ்டன் அந்தமான் கைதிகளுக்குக் காவலாக இருந்த படையின் அதிகாரி. லண்டன் வந்தவர் 1878-இல் ஓர் ஓட்டலிலிருந்து காணாமல் போகிறார். எந்த ஓட்டல்? லாங்ஹாம். சாப்பிட்ட இடத்தையே கதையின் முதல் முடிச்சாகப் போட்டுவிட்டார் டாயில். இந்தியாவிலிருந்து வந்த நகையும் அதைத் துரத்திவரும் பழியும் வில்கி காலின்ஸ் 1868-இல் வெளியிட்ட மூன்ஸ்டோன் நாவலின் பாதை. உள்ளே தாழிட்ட அறைக்குள் மனிதன் நுழைய முடியாத வழியாக ஏதோ ஒன்று நுழைந்து கொன்றுவிட்டுப் போவது, எட்கர் ஆலன் போ 1841-இலேயே எழுதிவிட்ட கதை. போவின் கதையில் அப்படி நுழைந்தது ஒராங்குட்டான் குரங்கு. அந்தக் குரங்கு நின்ற இடத்தில் டாயில் ஓர் அந்தமான் மனிதனை நிறுத்தினார். இதை முதலில் கவனித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாவலைப் படித்திராதவர்களுக்குச் சுருக்கமாக: 1857 கிளர்ச்சியின்போது ஆக்ரா கோட்டையில் ஒரு வணிகனைக் கொன்று அவனிடமிருந்த நகைப்பெட்டியை நான்கு பேர் ஒளித்துவைக்கிறார்கள். ஸ்மால் ஒருவன், மற்ற மூவரும் இந்தியர்கள். அவர்களைச் சீக்கியர்கள் என்று சொல்லிவிட்டு முகமது சிங், அப்துல்லா கான், தோஸ்த் அக்பர் என்று பெயர் வைத்திருக்கிறார் டாயில். ஒரு பஞ்சாபிச் சிப்பாயைக் கேட்டிருந்தால்கூடத் திருத்திச் சொல்லியிருப்பார். நால்வரும் பிடிபடுகிறார்கள். தீவாந்தர சிட்சை. ஸ்மாலை ஆக்ராவிலிருந்து மதராஸுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து அந்தமானுக்கு அனுப்புகிறார்கள். அங்கே காவல் அதிகாரி மேஜர் ஷோல்ட்டோவிடம் ரகசியத்தைச் சொல்லப்போக, அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கிலாந்தில் செட்டிலாகி விடுகிறார். அவர் வாங்கிய மாளிகைக்குப் பெயர் பாண்டிச்சேரி லாட்ஜ். அந்த வீட்டு மேல்மாடியில், தாழிட்ட அறையில், ஷோல்ட்டோவின் மகன் முகம் கோணிச் செத்துக் கிடக்கிறான். காதுக்கு மேலே ஒரு விஷ முள். தரையில் குழந்தையுடையது போன்ற வெறுங்கால் தடம். கூரை வழியாக இறங்கியவன் டோங்கா.

வாட்சன் திகைத்து நிற்க, ஹோம்ஸ் அலமாரியிலிருந்து ஒரு கெஸட்டியரை எடுத்துப் படிக்கிறார். அந்தமான் பழங்குடிகள் உலகிலேயே மிகக் குள்ளமானவர்கள், சராசரி உயரம் நான்கு அடிக்கும் குறைவு, கோரமான தலை, நரமாமிசம் தின்பவர்கள் என்று போகிறது அது. துப்பறிவாளர் கையில் இருக்கிற புத்தகம் என்பதால் வாசகர் அதை நம்புகிறார். ஹோம்ஸ் சொன்னால் அது ஆதாரம் அல்லவா? கதைக்குள் இருக்கிற உண்மையான மாயவித்தை இந்தப் பக்கம்தான்.

உண்மை என்னவென்று டாயில் எழுதுவதற்கு முன்பே அச்சில் இருந்தது. போர்ட் பிளேரில் அதிகாரியாக இருந்த இ.எச். மான், அந்தமானியர்களோடு பல ஆண்டுகள் பழகி, அவர்கள் பேச்சைக் கற்று, 1880-களின் தொடக்கத்தில் லண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் விரிவாக எழுதினார். ஆண்களின் சராசரி உயரம் நான்கடி பத்தே முக்கால் அங்குலம் என்று அளந்து சொன்னார். நரமாமிசப் பேச்சு வெறும் பொய் என்பதையும் எழுதினார். 1885-இல் அது புத்தகமாகவும் வந்தது. ஆனால் அந்தப் பொய்க்கு அதைவிட வயது அதிகம். ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு மாலுமிகள் சொல்லியிருக்கிறார்கள். மார்க்கோ போலோ அந்தமானியர்களுக்கு நாய்த்தலையே வைத்தார். ஆயிரம் வருடத்துப் பேச்சைப் புதிதாக வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையால் அசைக்க முடியவில்லை.

விஷ முள்ளை எடுத்துக்கொள்வோம். போர்ட் பிளேரில் மானிடவியல் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோது நான் தேடியது ஊதுகுழலை. கிடையாது. இருக்கவும் முடியாது, அந்தமானியர்கள் ஊதுகுழல் வைத்திருந்ததே இல்லை, அம்புக்கு விஷம் தடவியதும் இல்லை. அவர்கள் கருவி வில். கிரேட் அந்தமானியரின் வில்லை நாண் இல்லாமல் பார்த்தால் பாம்பு நெளிந்தது போல இருக்கிறது. கைப்பிடி ஒடுங்கி, இரு பக்கமும் அகன்று, எதிரெதிராக வளைந்திருக்கும். பக்கத்தில் பன்றி வேட்டை அம்பு. அதன் முனை தண்டோடு இறுகிப் பொருந்தியதல்ல. செருகி வைத்தது, ஒரு சிறு கயிற்றால் தண்டோடு பிணைத்தது. அம்பு பாய்ந்ததும் முனை பன்றியின் உடம்பில் தங்கிவிடும், தண்டு கழன்று கயிற்றில் தொங்கும். பன்றி ஓட ஓடத் தண்டு புதரிலும் வேரிலும் குறுக்கே மாட்டிக்கொள்ளும். அடர்ந்த காட்டில் எத்தனை பன்றிகளைத் துரத்திக் கை நழுவவிட்ட பிறகு இந்தக் கயிறு ஒருவர் மூளையில் உதித்திருக்கும்! அந்தக் கயிற்றைக் கண்ணாடிக்கு வெளியே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தேங்காய் நார்க் கயிறு திரிப்பவர் வீட்டில் வளர்ந்தவன் நான். திரித்த விரலின் நேர்த்தி எனக்குத் தெரியும். டாயிலின் துப்பறிவாளர் இந்த அம்பை ஒரு நிமிடம் கையில் வாங்கியிருந்தால், அதைச் செய்தவன் அறிவைப் பற்றி ஒரு அத்தியாயமே பேசியிருப்பார்.

கைதியும் காட்டுவாசியும் நட்பான கதை ஒன்று அந்தமானில் நிஜமாகவே நடந்தது. நாவலில் வருவதற்கு நேர் எதிராக நடந்தது. 1858 மார்ச் 10 அன்று இருநூறு கைதிகளோடு தொடங்கிய அந்தக் குடியேற்றத்துக்கு, சிப்பாய்க் கலகத்தில் தண்டனை பெற்று வந்தவர்களில் ஒருவர் தூத்நாத் திவாரி. ஏப்ரலில் கூட்டத்தோடு தப்பி ஓடினார். கூட வந்தவர்கள் அம்புக்கு இரையானார்கள். காயத்தோடு கையெடுத்துக் கும்பிட்டவரை அந்தமானியர்கள் கொல்லாமல் விட்டார்கள். மருந்து போட்டுப் பிழைக்க வைத்ததும் அவர்களே. ஓராண்டு அவர்களோடு காடு காடாகத் திரிந்தார். பெண்ணும் கொடுத்தார்கள். 1859 மே 17 அன்று, தங்கள் காட்டை அழித்துக்கொண்டிருந்த குடியேற்றத்தின் மேல் அவர்கள் திரண்டு பாயப்போகும் நேரத்தில், திவாரி ஓடிவந்து வெள்ளைக்கார அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். அபர்டீன் போர் என்று பெயர் பெற்ற அந்தச் சண்டையில் துப்பாக்கியை எதிர்த்து வில் நின்றது. திவாரிக்குத் தண்டனை ரத்து, ஊர் திரும்ப அனுமதி. அவரை நம்பி மனைவியாகி வந்த லீபா காட்டிலேயே இருந்தாள்.

நாவலில் வெள்ளைக்காரன் வைத்தியம் பார்க்கிறான், காட்டுவாசி நாயைப் போல விசுவாசமாகப் பின்னால் வருகிறான். நடந்ததில் வைத்தியம் பார்த்தவர்கள் காட்டுவாசிகள்.

எகிப்துக்கு வருகிறேன். அந்தமானைப் பற்றிப் பேசும்போது எகிப்து எதற்கு என்று கேட்கலாம். அச்சான தேதிகளைப் பாருங்கள். நால்வர் குறி லிப்பின்காட்ஸில் வந்தது 1890 பிப்ரவரி. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜனவரியில், லண்டனின் கார்ன்ஹில் இதழில் டாயிலின் இன்னொரு கதை வந்தது. பெயர் தோத்தின் மோதிரம். பாரிஸ் லூவர் மியூசியத்தில் அசந்து தூங்கிவிட்ட ஆங்கிலேய அறிஞர் ஒருவர் நள்ளிரவில் விழிக்கிறார். காவலாளி ஒருவன் ஒரு பெண்ணின் மம்மியைச் சுற்றியிருக்கும் துணியைப் பிரித்து, முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறான். மூவாயிரம் வருடங்களுக்கும் மேலாகச் சாக முடியாமல் அலையும் எகிப்தியப் பூசாரி அவன்; அந்தப் பெண் அவன் காதலி. ஒரே குளிர்காலத்தில் வாசகர்கள் படித்த இரண்டு கதைகள் இவை. ஒன்றில் நைல் கரை, ஒன்றில் வங்காள விரிகுடா.

எகிப்தை டாயில் அப்போது பார்த்திருக்கவில்லை. நோயுற்ற மனைவியோடு அவர் அங்கே போனது 1895-இல். அந்தமானை அவர் எப்போதுமே பார்க்கவில்லை. ஆனால் இரண்டும் அன்று லண்டன் பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்த பெயர்கள். 1881-இல் தேர் எல் பஹரி மலை இடுக்கில் பாரோக்களின் உடல்கள் கூட்டமாகக் கிடைத்தன. மறு ஆண்டே பிரிட்டன் எகிப்தைக் கைப்பற்றியது. 1886 ஜூனில் கெய்ரோவில் இரண்டாம் ராம்சேஸின் துணியை அவிழ்த்து முகத்தைப் பார்த்தார்கள். ஆளுகிற நாட்டுக்கு ஆளப்படுகிற நாட்டின் மேல் உள்ளுக்குள் ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்துக்கு உடம்பு கொடுக்கத் தெரிந்தவர் டாயில்.

1892 செப்டம்பரில் ஹார்ப்பர்ஸ் இதழில் வந்த லாட் நம்பர் 249-ஐப் படித்தால் இது விளங்கும். ஏலத்தில் விட்ட ஒரு மம்மியின் எண்தான் தலைப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும் பெல்லிங்ஹாம் அதை வாங்கித் தன் அறையில் வைத்திருக்கிறான். பழைய பாப்பிரஸ் சுருளைப் படித்து, ஏதோ இலையை எரித்து, அதை எழுப்பத் தெரிந்துகொள்கிறான். பிறகு தனக்குப் பிடிக்காதவர்கள் மேல் அதை ஏவுகிறான். இருட்டு வழியில் ஒருவன் கழுத்து நெரிபடுகிறது, இன்னொருவன் ஆற்றில் தள்ளப்படுகிறான். கடைசியில் மாடியில் குடியிருக்கும் மருத்துவ மாணவன் துப்பாக்கியைக் காட்டி மிரட்டி, மம்மியைத் துண்டு துண்டாக வெட்டி, சுருளோடு சேர்த்து எரிக்க வைக்கிறான். மம்மி எழுந்து நடந்து ஆளைத் தாக்குவது இன்று திரைப்படங்களில் சலித்துப்போன காட்சி. ஏவிவிட்ட கொலைகாரனாக அது முதலில் கதையில் நடந்தது இங்கேதான் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். 1932-இல் வந்த ஹாலிவுட்டின் தி மம்மி படத்துக்குள் தோத்தின் மோதிரத்துக் காதலன் தெளிவாகத் தெரிவான்.

பெல்லிங்ஹாமின் மம்மியையும் ஸ்மாலின் டோங்காவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். இரண்டும் தூரதேசத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவை. இரண்டுக்கும் ஒரு வெள்ளைக்கார எஜமான். இரண்டும் இரவில் வந்து தாக்குகின்றன, பேசுவது இல்லை. நம் ஊர்ப் பேச்சில் இதற்குப் பெயர் ஏவல். மந்திரவாதி குட்டிச்சாத்தானை ஏவினான் என்று பாட்டிகள் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்தக் கதையமைப்பு புதிதல்ல. ஆனால் நம் பாட்டிகளின் குட்டிச்சாத்தான் எந்த ஊர்க்காரனும் அல்ல. டோங்காவுக்கு ஊர் இருந்தது, அந்த ஊரில் உயிரோடு மனிதர்கள் இருந்தார்கள். மந்திரம் என்று எழுதினால் கட்டுக்கதை என்று வாசகர் ஒதுக்கிவைப்பார். கெஸட்டியர் என்று எழுதியதால் டோங்கா பாடப்புத்தகமாகிவிட்டான்.

பிற்காலத்தில் டாயில் ஆவிகளை முழுமையாக நம்பினார். துட்டன்காமன் கல்லறையைத் திறக்கப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தபோது, கல்லறையைக் காக்க வைத்த ஏதோ ஒரு சக்தி காரணமாக இருக்கலாம் என்று நியூயார்க்கில் நிருபர்களிடம் சொன்னார். மம்மியின் சாபம் ஊரெல்லாம் பரவியதில் அந்தப் பேட்டிக்கும் பங்குண்டு.

நம் பக்கமும் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. திகம்பர சாமியாரைத் தமிழில் துப்பறிய வைத்த வடுவூர் துரைசாமி ஐயங்காருக்கும் எகிப்துப் பித்து இருந்தது. பழைய எகிப்தியர்கள் தென்னாட்டிலிருந்து போன வைணவர்கள் என்று நிறுவ, லாங் மிஸ்ஸிங் லிங்க்ஸ் என்று ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அந்த வரலாறு நிற்காது. ஆனால் ஒன்று: டாயில் எகிப்தியனைப் பார்த்துப் பயந்தார், வடுவூரார் அவனை உறவுக்காரன் என்று அணைத்துக்கொள்ளப் பார்த்தார். துப்பறியும் கதை எழுதிய இருவர் ஒரே நாட்டை இப்படிப் பார்த்தார்கள்.

என்னை அந்தமானுக்கே திரும்ப இழுப்பது இறந்தவர்களின் எலும்பு. எகிப்தியர்கள் இறந்தவரை விட மனமில்லாமல் உடலைப் பதப்படுத்தி வைத்தார்கள். அந்தமானியர்களும் விட மனமில்லாதவர்கள்தான். ஒருவர் இறந்தால் புதைப்பார்கள், அல்லது மரத்தில் பரண் கட்டி வைப்பார்கள். அந்த இடத்தை விட்டு எல்லோரும் வேறிடம் போய்விடுவார்கள். உறவினர்கள் மேலெல்லாம் களிமண் பூசித் துக்கம் காப்பார்கள். சில மாதம் கழித்துத் திரும்பிப் போய், எலும்புகளை எடுத்துக் கழுவி, மண்டை ஓட்டுக்கும் தாடைக்கும் செங்காவியும் வெண்களிமண்ணும் தீட்டி, பின்னிய கயிற்றில் கோத்து அணிந்துகொள்வார்கள். மனைவி கணவனுடைய மண்டை ஓட்டை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள். சின்ன எலும்புகளை மாலையாக்கி உறவுக்கும் நட்புக்கும் கொடுப்பார்கள். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் அதைக் கட்டிக்கொண்டால் ஆறும் என்பது நம்பிக்கை. கப்பலிலிருந்து எட்டிப் பார்த்துப் போன மாலுமிக்குக் கழுத்தில் தொங்கும் மனித எலும்பு எப்படித் தெரிந்திருக்கும்? நரமாமிசக் கதைக்கு இதுவும் ஒரு வேராக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அன்பைப் பார்த்துவிட்டுப் பசி என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த எலும்புகளும் லண்டன் போயின. அந்தமானியரின் எலும்புகளை அளந்து வில்லியம் ஹென்றி ஃப்ளவர் என்ற உடற்கூற்றியல் பேராசிரியர் 1879-இல் ஓர் ஆய்வுரையே நிகழ்த்தினார். டோங்கா தேம்ஸ் கரைக்கு வருவதற்குப் பத்து வருடம் முன்பே அவனுடைய இனத்தார் அந்த நகரத்தின் மேசைகளில் எண் ஒட்டப்பட்டுக் கிடந்தார்கள்.

தீவில் மிச்சமிருந்தவர்களுக்கு 1877-இல் தட்டம்மை வந்தது. குடியேற்றத்தோடு வந்த மற்ற நோய்களும் சேர்ந்தன. நால்வர் குறி வெளியாகிப் பதினோரு ஆண்டு கழித்து, 1901 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 625 பேர். 1961-இல் 19 பேர். பிறகு அவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் குடிவைத்தார்கள். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தார். போ மொழியைப் பேசிய கடைசி மனுஷி. பேச ஆளில்லாமல் அவர் பறவைகளிடம் பேசுவார் என்று அவரோடு வேலை செய்த மொழியியலாளர் அன்விதா அப்பி எழுதியிருக்கிறார். அந்த மொழியில் டோங்காவுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். டோங்கா என்பது பசிபிக் கடலில் இருக்கும் வேறொரு தீவுக்கூட்டத்தின் பெயர்.

நாவலில் ஓரிடம் இருக்கிறது. பிடிபட்ட ஸ்மால் தன் கதையைச் சொல்லும்போது, லண்டனில் பிழைப்புக்கு என்ன செய்தோம் என்பதையும் போகிறபோக்கில் சொல்கிறான். சந்தைகளில் டோங்காவைக் கருப்பு நரமாமிசத் தின்னி என்று காட்டுவானாம். டோங்கா பச்சை இறைச்சியைத் தின்று போர் நடனம் ஆடுவானாம். தொப்பி நிறையச் சில்லறை விழுமாம். அங்கே ஒரு நொடி, டாயிலே அறியாமல், திரை விலகுகிறது. காசுக்காகத் தன்னைத் தின்னியாகக் காட்டிக்கொண்டு ஆடும் ஒரு சின்னப் பையன் தெரிகிறான். உடனே திரை மூடிவிடுகிறது.

பிறகு தேம்ஸில் துரத்தல். அரோரா என்ற நீராவிப் படகின் பின்தளத்தில் சுருண்டு கிடந்தவன் நிமிர்ந்து ஊதுகுழலை வாயில் வைக்கிறான். ஹோம்ஸும் வாட்சனும் ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். டோங்கா கைகளை விரித்தபடி ஆற்றில் விழுகிறான். உடல் கிடைப்பதில்லை, அவன் எலும்புகள் ஆற்றின் அடிச்சேற்றில் கிடக்கின்றன என்று வாட்சன் எழுதிவிட்டுக் கதையை நகர்த்திக்கொண்டு போகிறார். மேரிக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது.

டாயில் டோங்காவுக்குத் தாய் தந்தை யாரையும் எழுதவில்லை. இருந்திருந்தால், துக்கம் முடிந்த ஒரு நாளில் யாராவது களிமண் குழைத்து எடுத்துக்கொண்டு, பின்னிய கயிற்றோடு, அந்த ஆற்றங்கரைக்கு வந்திருப்பார்கள்.